வலிப்பில் இரண்டு எழுத்து

வலிப்பு என்று எழுதிக் கடைசி இரண்டு எழுத்தைத் துடைத்துவிட்டால் வலி என்று ஆகிவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. என் அம்மா சொல்லித்தந்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

எனக்குப் பதினாலு வயதில் முதல் தடவை வந்தது. பெருநகர் என்கிற எங்கள் ஊரில், எங்கள் நிலத்தில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். கையில் செடி இருந்தது தெரியும். அப்புறம் ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது வலது கையில் யாரோ ஒரு இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். வாயெல்லாம் ரத்தம். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். என் பாவாடை நனைந்திருந்தது. வலிப்பு வந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிசாகப் பட்டது. அத்தனை பேர் பார்க்க நனைந்துபோச்சே என்று தலை குனிந்தவள்தான், அதற்கப்புறம் நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசியதில்லை. "அந்தப் பொண்ணா, வாயில கொழுக்கட்டையா கீது?" என்று கேட்பார்கள். அதற்கும் சிரித்து வைப்பேன்.

காஞ்சிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஒரு வேளைகூட விடக்கூடாது. நடுவில் ஒரு தடவை மாத்திரையை மாற்றினார்கள். மாற்றினதுக்கப்புறம் வலிப்பு அடியோடு நின்றது. அந்த மாத்திரை இல்லாவிட்டால் நான் ஏதாவது கிணற்றிலோ அடுப்பிலோ விழுந்து எப்போதோ செத்திருப்பேன். அதனால் மாத்திரையைத் திட்டி ஒன்றும் எழுத எனக்கு மனசு வராது. திட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதில் முதல் ஆள் நான்.

இருபது வயதில் உத்திரமேரூர் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் பேசினார்கள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மாத்திரையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"யார்னா பார்த்துட்டு இன்னான்னு கேட்டா, வலி மாத்திரைன்னு சொல்லு. வலிப்புன்னு வாய் தவறிக்கூட சொல்லாத. புரியுதா?"

"இன்னா வலின்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்கடி. பொம்பளைக்கு வலின்னா எவன் கேக்கறான்?"

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒருத்தரும் கேட்கவில்லை.

மாமியார் வீட்டில் மாத்திரையைக் கடுகு டப்பாவில் வைத்தேன். கடுகுக்கு அடியில். தீர்ந்தால் அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் வாங்கி வந்துவிடுவேன். மாமியாருக்குக் கண் மங்கல், தாளிப்பு என் வேலை. என் வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டார். "இன்னாது இது?" என்றார். "வலி மாத்திரை" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். நல்ல மனுஷன். என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. என்ன வலி என்று கேட்டதும் இல்லை.

மாசமாக இருந்தபோது நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"வேற எதுனா மாத்திரை போட்டுக்கினு கீறியாம்மா?"

மாமியார் பக்கத்திலேயே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "வலி மாத்திரைங்க" என்றேன்.

"எப்பவாச்சும் போட்டா சரி. அடிக்கடி போடாத."

நோட்டை மூடிவிட்டார். முறம் மறுபடியும் சத்தம் போட்டது. அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனை தடவை திரும்ப வாழ்ந்திருப்பேன் என்று கணக்கு இல்லை. மாமியார் உள்ளே போயிருக்கலாம். நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். நான் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பொண்ணு பிறந்தாள். பால் குடிக்கவே சொல்லித்தர வேண்டியிருந்தது. கழுத்து நிற்க நாளாச்சு. நடக்க மூன்று வயசாச்சு. ஆறு வயதில்தான் "ம்மா" என்றாள். கண் இரண்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். மேலுதடு கோடு போட்டாற்போல மெலிசாக இருக்கும். "இது யார் ஜாடைன்னே தெரியலையே" என்று உறவுக்காரர்கள் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டு, "வூட்லயே வெச்சிக்கினு பழக்குங்கம்மா" என்று டீச்சர் அனுப்பிவிட்டார்.

மாமியார் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். நான் மாசமாக இருந்தபோது கிரகணத்தன்றைக்கு அரிவாள்மனையில் கத்தரிக்காய் அரிந்தேனாம். நான் அரியவில்லை. அன்றைக்கு முழுக்கப் படுத்துக்கிடந்தேன். ஆனாலும் ஊரெல்லாம் சொன்னாள். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அடுத்த கேள்வி வரும் என்று பயம். கத்தரிக்காய் பழியை ஏற்றுக்கொண்டேன். இருபது வருஷம் அந்தத் தெருவில் நான் கத்தரிக்காய் அரிந்தவள்தான். அப்போது எனக்கே நிஜக் காரணம் தெரியாது. ஏதோ ஒன்று என்னால்தான் ஆச்சு என்று மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மாமியாரும் போய்விட்டாள், வீட்டுக்காரரும் போய்விட்டார். எனக்கப்புறம் பொண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அட்டைக்கு முகாம் போட்டபோது கூட்டிக்கொண்டு போனேன். உத்திரமேரூரில், ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். பொண்ணுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பெஞ்சியில் உட்கார்ந்து வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு.

டாக்டரம்மா வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். சொந்தத்தில் கல்யாணமா, பிறந்தவுடனே அழுதாளா, காமாலை வந்ததா. அப்புறம் அந்தக் கேள்வி.

"மாசமா இருந்தப்ப ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?"

"வலி மாத்திரைங்க." பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் எழுதப் போனார். பேனாவை நிறுத்தினார்.

"என்ன வலி?"

யாரும் கேட்க மாட்டார்கள் என்று அம்மா சொன்ன கேள்வி.

"தலைவலியா? இடுப்பு வலியா? எப்பவாவதா, தினமுமா?"

"தினமுங்க. ரெண்டு வேளை."

"பத்து மாசமும்? தினம் ரெண்டு வேளையா? அப்படி என்ன வலிம்மா உங்களுக்கு?"

பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அதே மாத்திரையைத்தான் இன்னும் போடுகிறேன். அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு என் பொண்ணின் முகத்தைப் பார்த்தார். கண்ணை, உதட்டை. ரொம்ப நேரம் பார்த்தார். யார் ஜாடையும் இல்லை என்று எல்லாரும் சொன்ன முகத்தில் அவருக்கு ஏதோ ஜாடை தெரிந்துவிட்டது.

பொறுமையாகத்தான் சொன்னார். வயிற்றில் குழந்தைக்கு மூளை உருவாகும்போது இந்த மாத்திரை அதைக் கெடுக்கும். எல்லாக் குழந்தைக்கும் ஆகாது, சிலதுக்கு ஆகும். பேச்சு தள்ளிப்போகும், புத்தி வளர்ச்சி குறையும், முகம்கூட இப்படி அமையும். "இதனாலதான்னு இன்னைக்கு நான் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. பார்த்தா அப்படித்தான் தெரியுது. அந்தக் காலத்துல டாக்டருங்களுக்கே இது முழுசாத் தெரியாது. இப்ப தெரியும். இப்ப யாராவது பொண்ணு சொன்னா முன்னாடியே வேற மாத்திரைக்கு மாத்திடுவோம்."

சொன்னால். அந்த ஒரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பொண்ணுக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். அவள் எனக்கு ஒரு வாய் ஊட்டினாள். அதை விழுங்க முடியவில்லை. அழுகை இல்லை. ஆத்திரம். இப்போது தெரியுமாமே, அப்படியானால் மாசா மாசம் மாத்திரை வாங்க நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை சின்னப் பெண்கள் நின்றார்கள்? அவர்களில் யாரிடமாவது யாராவது இதைச் சொன்னார்களா? நான் நின்ற வரைக்கும் என் காதில் விழவில்லை. சீட்டை நீட்டு, வாங்கு, நகரு. அவ்வளவுதான்.

அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் என் தம்பி பொண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். இருபத்து மூன்று வயது. போன் பாகம் சேர்க்கிற கம்பெனியில் வேலை. தினமும் ரோட்டு மேல் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வாயாடி. என்னைப் போல இல்லை. பூ வைக்க நாள் குறிக்க வேண்டும் என்று பெருநகருக்குக் கூப்பிட்டார்கள். பொண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது அலமாரியில் பார்த்தேன். என் பையில் இருக்கிற அதே மாத்திரை அட்டை.

பிளஸ் டூ படிக்கும்போதிலிருந்து அவளுக்கு வலிப்பு வருகிறதாம். ஐந்து வருஷமாக எனக்கே சொல்லவில்லை. அதே நோய் இருக்கிற என்னிடமே மறைத்திருக்கிறார்கள்.

தம்பி பெண்சாதியிடம் கேட்டேன். "புள்ள வூட்ல சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு அண்ணி? அதெல்லாம் கண்ட்ரோல்ல கீது. கேட்டா வலி மாத்திரைன்னு சொல்லிக்கலாம். உங்க அம்மா சொல்லிக் குடுத்ததுதானே. நீங்க பொழைக்கலையா?"

அப்போது என் பொண்ணு கூடத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பயறையும் தோலையும் ஒரே தட்டில் போட்டுக் கலந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதைப் பாரு, மொத்தத்தையும் கலந்து வெச்சிக்கினு" என்று தம்பி பெண்சாதியும் சிரித்தாள். நான் பொழைத்துவிட்டேனாம். பொழைத்ததற்கு விலை கொடுத்தவள் தம்பி பெண்சாதி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியவில்லை. அங்கேயே கத்தியிருக்க வேண்டும். நான் தட்டை வாங்கிப் பயறையும் தோலையும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் தனியாகப் போனேன். வேன் இறக்கிவிடும் இடத்தில் நின்று தம்பி பொண்ணைப் பிடித்தேன். ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு பேச்சு ஒரே மூச்சில் பேசியதில்லை. எனக்கு வலிப்பு, நான் போட்ட மாத்திரை, டாக்டரம்மா சொன்னது.

"அப்ப அக்கா இப்படி இருக்கறது…"

"ஆமா."

"நான் போடறதும்…"

"அதேதான்."

அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயாடிப் பெண் ஒன்றும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போனாள். சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு நானும் பஸ் ஏறினேன்.

நாலாம் நாள் தம்பி பெண்சாதி போன் பண்ணினாள்.

"நீ நல்லா இருப்பியா? என் பொண்ணு கம்பெனி கேன்டீன்ல வுழுந்துட்டா. நாக்கக் கடிச்சிக்கினு, தாடை கிழிஞ்சி ஆறு தையலு. நாலு நாளா மாத்திரையே போடல. கேட்டா அத்தை சொல்லிச்சிங்கறா. உன் பொண்ணு மாதிரி என் பொண்ணும் ஆவணும்னு கெட்ட எண்ணமாடி உனக்கு?"

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே என்று நான் சொல்லவில்லை. மாற்றித்தருவார்கள், போய்க் கேள் என்றும் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டேன். வார்த்தையைப் பாதியில் விடுவதுதானே எனக்குக் கைவந்தது. எந்த மாத்திரை இல்லாவிட்டால் நான் செத்திருப்பேனோ, அதை அந்தப் பெண்ணின் கையிலிருந்து நானே பிடுங்கினாற்போல ஆகிவிட்டது.

அன்றைக்கு என்மேல் வந்த கோபத்தில்தான் எனக்குக் கால் வந்தது. திட்டினால் திட்டட்டும் என்று நேராகப் போய், தம்பி பெண்சாதியையும் அவள் பொண்ணையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் வயசானவர், கடுகடுப்பானவர்.

"யார் கேட்டு நிறுத்தினே? தலையில அடிபட்டுச் செத்திருந்தா?" என்று முதலில் அவளைக் கிழித்தார். பிறகு விளக்கினார். புது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். சில மாசம் ஆகும். கூடவே, பிறக்கப்போகிற குழந்தைக்காக ஃபோலிக் மாத்திரை. "குழந்தை வேணும்னு நெனைக்கறப்பவே எங்கிட்ட வரணும். நாள் தள்ளிப்போச்சுன்னு ஓடி வரக்கூடாது. அதுக்குள்ள குழந்தைக்கு மூளை உருவாக ஆரம்பிச்சிடும்." அப்புறம், "கட்டிக்கப் போறவருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க சார், தெரியவும் வேணாங்க" என்றாள் தம்பி பெண்சாதி.

"அப்ப தினமும் ரெண்டு வேளை மாத்திரையை எங்கம்மா ஒளிச்சு வெப்பா?"

"கடுகு டப்பாவுல" என்றேன் நான், பின்னால் நின்றபடியே.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

தாடையில் தையல் என்ற சேதி போய், மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் பார்க்க வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. "கம்பெனில வழுக்கி வுழுந்துட்டா" என்று தம்பி சொன்னான். என் பொண்ணும் நானும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா டிவி பக்கத்தில் இருந்த மருந்துப் பையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சம்பந்தி, இவ்ளோ மாத்திரை கீது?"

"வலி மாத்திரைங்க" என்றாள் தம்பி பெண்சாதி, கண் இமைக்காமல்.

அந்த அம்மா தலையாட்டினாள். முடிந்தது. அப்படித்தான் எப்போதும் முடியும். நோட்டு மூடும், முறம் மறுபடியும் சத்தம் போடும். தம்பி பொண்ணைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பொண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பொண்ணு வந்தவர்கள் கொடுத்த ஆப்பிளைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், எப்போது கடிப்பது என்று தெரியாமல்.

நான் கேட்டேன்.

"இன்னா வலி?"

எல்லாரும் திரும்பினார்கள். நான் பேசியதில் பாதி அதிர்ச்சி, பேசிய வார்த்தையில் பாதி. "அக்கா, நீ சும்மா இரு" என்றான் தம்பி. நான் தம்பி பொண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவள் சொல்ல வேண்டியது. அவள் வேண்டாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு வாயை மூடியிருப்பேன்.

"வலி இல்ல ஆன்ட்டி" என்றாள் அவள், தையல் இழுக்கிற தாடையோடு. "வலிப்பு. எனக்கு ஃபிட்ஸ் வரும். மாத்திரை மாத்திக் குடுத்துக்கினு கீறாங்க. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் மாத்தறாங்க."

"எனக்கும் அதே நோய்தாங்க" என்றேன். "சொல்லாம மறைச்சேன். இதோ உக்காந்துக்கினு கீறா பாருங்க, என் பொண்ணு."

அந்த அம்மா என் பொண்ணைப் பார்த்தாள். எழுந்து வந்து ஆப்பிளை வாங்கி, கத்தி கேட்டு, நாலாக நறுக்கிக் கையில் கொடுத்தாள். கண் கலங்கினாற்போல எனக்குப் பட்டது. "வூட்ல பேசிட்டு சொல்றோம்" என்று கிளம்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் தரகர் போன் பண்ணினார். ஜாதகத்தில் ஏதோ தோஷம் இடிக்கிறதாம். முதலில் பொருத்தம் பார்த்தபோது இல்லாத தோஷம். அவர்களும் நிஜச் சொல்லைத் துடைத்துவிட்டு வேறொன்றை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஃபிட்ஸ் என்று சொல்லி வேண்டாம் என்றிருந்தால்கூட நான் அவர்களை மதித்திருப்பேன். ஆப்பிள் நறுக்கிக் கொடுத்த கையை நினைத்தால் இன்னும் கோபம் கூடுகிறது.

தம்பி என்னோடு பேசுவதில்லை. என் வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறான். சொல்லட்டும். அவன் பொண்ணு வருகிறாள். பழைய மாத்திரை முழுக்க நின்றுவிட்டது. புதியதில் இரண்டு மாசமாக வலிப்பு இல்லை. இன்னொரு இடம் வந்ததாம். மாப்பிள்ளைப் பையனின் நம்பரைத் தரகரிடம் வாங்கி, அவளே பேசி, முதலில் இதைத்தான் சொன்னாளாம். "அவன் இன்னா சொன்னான்?" என்று கேட்டேன். "யோசிக்கணும்னான் அத்தை. யோசிக்கட்டும். நானுந்தான் அவனை யோசிக்கணும்" என்றாள்.

போன மாசம் அவளோடு நானும் மருந்து வாங்கப் போனேன். சீட்டு போடுகிற இடத்தில், வரிசையில் அத்தனை பேர் நிற்க, உள்ளே இருந்தவர் அவளிடம் கேட்டார். "எதுக்கும்மா?"

"வலிப்புக்கு" என்றாள், பஸ்ஸில் ஊர்ப் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்பது போல.

அடுத்து நான். "உங்களுக்கு?"

பின்னால் நிற்கிறவர்கள் பாவாடை நனைந்த பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்களோ என்று முதுகு கூசியது. சொன்னேன். காது கேட்காதவர்போல அவர் "இன்னாம்மா?" என்றார். மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னேன், கடைசி இரண்டு எழுத்தையும் சேர்த்து. என் பொண்ணு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.